சொல்லின் உள்ளே: 'இம்ப்ரூவ்மெண்ட்' முதலிய சொற்கள்

செம்பூரிலிருந்து சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகனின் பள்ளி அறிக்கையில் சென்ற பருவத்தில் 'கேன் டூ பெட்டர்' என்றும், இந்தப் பருவத்தில் 'நீட்ஸ் இம்ப்ரூவ்மெண்ட்' என்றும் ஆசிரியை குறித்திருக்கிறாராம். "இரண்டும் ஒன்றுதானே? ஒன்றானால் இரு விதமாக எழுதுவானேன்? வேறானால் எது கடுமையானது? பையனை எதற்காகக் கண்டிப்பது?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. விடையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வரிகளில் நம்பிக்கை பிறக்க வேண்டுமானால், இச்சொற்களின் குடும்பத்தை ஒரு முறை சுற்றி வந்துவிடுதல் நல்லது.

குடும்பம் பெரியது. பீட்டர் மார்க் ரோஜே என்னும் ஆங்கில மருத்துவர் 1852இல் வெளியிட்ட 'தெசாரஸ்' என்னும் சொற்களஞ்சியத்தில் இம்ப்ரூவ், பெட்டர், மெண்ட், அமெண்ட், கரெக்ட், ரெக்டிஃபை, ரிஃபார்ம் என்று வரிசையாக நிற்கும் சொற்களைக் காணலாம். நூல் அவற்றை ஓரிடத்தில் கூட்டி வைத்தது. ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்துக் காட்டவில்லை. அது அந்நூலின் குற்றமன்று. எழுதுகிறவனுக்குச் சொல் நினைவுக்கு வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். வந்த சொற்களுள் எது பொருந்தும் என்று தேறுவது எழுதுகிறவன் பொறுப்பு. நம்மவர் பலர் மனு எழுதும்பொழுது, ஒரே சொல் இருமுறை வரலாகாது என்னும் அழகு கருதி, இக்குடும்பத்தினின்றும் கைக்கு வந்ததை எடுத்து வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

இச்சொற்கள் எல்லாம் 'முன்னிலும் நன்றாயிற்று' என்பதை ஒப்பச் சொல்லுகின்றன. ஆனால் முன்பு எப்படி இருந்தது என்பதைப் பற்றி ஒவ்வொரு சொல்லும் தனக்கென்று ஒரு தீர்ப்பை உள்ளே வைத்திருக்கிறது. சொல்லை எடுக்கிறவர் அந்தத் தீர்ப்பையும் சேர்த்தே எடுக்கிறார். அறிந்தோ அறியாமலோ அதன்கீழ்க் கையெழுத்தும் இடுகிறார்.

அன்றாட உதாரணம் ஒன்று. குழாய் ஒழுகுகிறது, வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுகிறோம். 'ரிப்பேர்' என்று எழுதினால், முன்பு சரியாக இருந்தது, இப்பொழுது கெட்டுவிட்டது, பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள் என்பது பொருள். அந்தச் சொல்லின் இலத்தீன் மூலத்திற்கே 'மீண்டும் ஆயத்தமாக்குதல்' என்று பொருள். 'இம்ப்ரூவ்' என்று எழுதினாலோ, குழாயில் குறையொன்றும் இல்லை, இன்னும் உயர்ந்ததாக ஒன்று வேண்டும் என்று ஆகிவிடும். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, வீட்டுக்காரர் செய்தே தீரவேண்டிய ரிப்பேரை ஒரு பக்கத்திலும், செய்தபின் வாடகையை உயர்த்திக் கேட்க இடந்தரும் இம்ப்ரூவ்மெண்ட்டை வேறொரு பக்கத்திலும் வைக்கிறது. குடியிருப்பவர் தாமாகவே இரண்டாவது சொல்லை எழுதிக் கொடுத்தால் வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு அதைக் கோப்பில் சேர்த்துக்கொள்வார்.

இனி 'இம்ப்ரூவ்' என்னும் சொல்லையே பார்ப்போம். இது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் நடுவில் இருக்கும் பகுதிக்கு அம்மொழியில் 'இலாபம்' என்று பொருள். ஒரு பொருளிலிருந்து இலாபம் காணுதல், சிறப்பாக நிலத்திலிருந்து வருவாயைப் பெருக்குதல் என்பதே தொடக்கத்தில் இதன் கருத்து. தரிசைச் சுற்றி வேலியிட்டு உழவுக்குக் கொண்டுவந்த ஆங்கில நிலக்கிழார், தாம் நிலத்தை 'இம்ப்ரூவ்' செய்ததாகச் சொல்லிக்கொண்டனர். 'இம்ப்ரூவ் தி அக்கேஷன்' என்று இன்றும் ஒரு வழக்கு உண்டு. சமயத்தைச் சீர்திருத்துவது என்று அதை மொழிபெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். கிடைத்த சமயத்தைப் பயன்படுத்திக்கொள்வது என்பதே பொருள். பழைய இலாபக் கருத்து அங்கே ஒளிந்து நிற்கிறது.

ஆகவே 'இம்ப்ரூவ்' செய்வதற்குக் குற்றம் எதுவும் இருக்கவேண்டியதில்லை. நல்லதையும் இம்ப்ரூவ் செய்யலாம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிரபுக்களுடைய மாளிகைத் தோட்டங்களை மாற்றியமைத்துப் புகழ்பெற்ற லான்ஸலட் பிரவுன் என்பவர், எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் இதில் இம்ப்ரூவ்மெண்ட்டுக்கான 'கேப்பபிலிட்டி' இருக்கிறது என்பாராம். அதனால் அவருக்குக் 'கேப்பபிலிட்டி பிரவுன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தோட்டம் மோசம் என்று அவர் சொல்லவில்லை என்பதை நோக்குக. சொல்லியிருந்தால் எந்தப் பிரபு அவரை உள்ளே விட்டிருப்பார்?

இந்தச் சொல் நம் ஊரின் வீதிகளிலும் கிடக்கிறது. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கிற்று. அதன் விளைவாக 1898இல் சட்டமியற்றிப் 'பம்பாய் நகர இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்' என்னும் அமைப்பை நிறுவினார்கள். நெருக்கமான சந்துகளை இடித்து ஸாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பிரின்ஸஸ் ஸ்டிரீட் போன்ற அகன்ற வீதிகளை அது அமைத்தது. வடக்கே தாதர்–மாதுங்காப் பகுதியில் புதிய மனைகளைத் திட்டமிட்டுப் பிரித்தது. பிற்காலத்தில் தென்னிந்தியக் குடும்பங்கள் நிறைய வந்து குடியேறிய மாதுங்கா, அந்த டிரஸ்ட்டின் வரைபடத்தில் பிறந்த பகுதிதான். 1933இல் டிரஸ்ட் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஐந்து தோட்டங்களின் நிழல் மட்டும் நமக்கு மிஞ்சியது. அந்த நிழலில் நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்காக மற்றொன்றை மறந்துவிடலாகாது. இடித்த வீடுகளில் குடியிருந்த ஏழைகளுள் பலருக்குப் புதிய வீடு எட்டாக் கனியாகவே இருந்தது. அவர்கள் பக்கத்துச் சந்துகளில் போய் இன்னும் நெருங்கி வாழ்ந்தார்கள். நிலம் இம்ப்ரூவ் ஆயிற்று. நிலத்தின்மேல் இருந்தவர் நிலை வேறு. 'எது இம்ப்ரூவ் ஆயிற்று?' என்பதோடு 'யாருக்கு இலாபம்?' என்று கேட்கவும் இச்சொல்லின் பிறப்பே நமக்கு உரிமை தருகிறது.

டெல்லியிலும் 1937இல் இப்படி ஓர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் தோன்றியது. 1957இல் அதன் இடத்துக்கு 'டெல்லி டெவலப்மெண்ட் அதாரிட்டி' வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 'டெவலப்மெண்ட்' என்னும் சொல்லுக்கு யோகம் அடித்தது என்று சொல்லவேண்டும். சுருட்டி வைத்ததை விரித்தல், பொதிந்து கிடப்பதை வெளிக்கொணர்தல் என்பது அதன் மூலப்பொருள். விதைக்குள் மரம் இருப்பது போல உள்ளே ஏதோ இருக்கிறது என்னும் நம்பிக்கை அதில் அடங்கியிருக்கிறது. நாம் 'வளர்ச்சி' என்று மொழிபெயர்த்துக்கொண்டது பொருத்தமே.

இப்பொழுது செம்பூர்ச் சகோதரிக்கு விடை. 'கேன் டூ பெட்டர்' என்பது பையனைப் பையனோடே ஒப்பிடுகிறது. அவனுக்கு ஆற்றல் இருக்கிறது. அவன் செய்தது அந்த ஆற்றலுக்குக் குறைவு என்பது கருத்து. நூற்றுக்கு 80 வாங்கிய பிள்ளைக்கும் இதை எழுதலாம். 'நீட்ஸ் இம்ப்ரூவ்மெண்ட்' என்பது பையனை வகுப்புக்கென்று வைத்திருக்கும் ஓர் அளவோடு ஒப்பிடுகிறது. அந்த அளவை அவன் எட்டவில்லை. ஆற்றல் உண்டா இல்லையா என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. முதலாவது முயற்சியைப் பற்றிய குறை. இரண்டாவது நிலையைப் பற்றிய குறை. ஒன்றன்பின் ஒன்றாக வந்திருப்பதால், சென்ற பருவத்தில் இருந்த தளர்ச்சி இந்தப் பருவத்தில் பள்ளமாக இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ஆயினும் எந்தப் பாடத்தில் என்று பாராமல் கண்டிக்க வேண்டா. வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் மராட்டியுமாக நான்கு மொழிகளைச் சுமக்கும் பிள்ளை மராட்டிப் பாடத்தில் பின்தங்கினால் அது சோம்பலாகாது. ஆசிரியையை நேரில் கண்டு கேட்பதே முறை. இன்னொன்று: 'ஷோஸ் இம்ப்ரூவ்மெண்ட்' என்று எழுதிவிட்டால் பெற்றோர் இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். வாங்கட்டும். முன்பு தாழ்ந்திருந்தான் என்பதும் அதில் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சொற்கள். 'அமெண்ட்', 'எமெண்ட்', 'மெண்ட்' மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இலத்தீனில் 'மெண்டா' என்றால் பிழை; பிழையை வெளியேற்றுவதே இவற்றின் தொழில். வழக்கத்தில் பாகம் பிரித்துக்கொண்டன. கிழிந்த சட்டைக்கும் உடைந்த நாற்காலிக்கும் 'மெண்ட்'. சட்டம், தீர்மானம், விதி ஆகியவற்றின் வாசகத்துக்கு 'அமெண்ட்'. பழஞ்சுவடியில் ஏடெழுதினோர் செய்த பிழையை நீக்கி ஆசிரியர் எழுதியதாகவே பாடத்தை நிறுவுவது 'எமெண்ட்'. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிச் செய்தது இந்த மூன்றாவது வேலை. அவர் திருத்தக்க தேவரை 'இம்ப்ரூவ்' செய்யவில்லை. அப்படிச் செய்யத் துணிந்த பதிப்பாசிரியர்களும் உண்டு, அவர்களைப் பற்றிப் பேசாதிருத்தல் நலம்.

'மேக் அமெண்ட்ஸ்' என்பது தனி. இழைத்த தீங்குக்கு ஈடு செய்தல் என்று அதற்குப் பொருள். சட்டத் திருத்தத்தைக் குறிப்பிட வந்தவர் 'கவர்ன்மெண்ட் ஷுட் மேக் அமெண்ட்ஸ்' என்று எழுதினால், அரசாங்கம் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் கேட்டதாகிவிடும். சில சமயம் அதுவே உண்மைக்கு அணுக்கமாக இருக்கலாம் என்பது வேறு விஷயம்.

'கரெக்ட்', 'ரெக்டிஃபை' இரண்டும் நேராக்குதல் என்னும் கருத்தில் பிறந்தவை. நேர்கோடு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து கோணிவிட்டது என்றால்தான் இவற்றுக்கு வேலை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 154ஆம் பிரிவுக்கு இட்ட பெயரே 'ரெக்டிஃபிகேஷன் ஆஃப் மிஸ்டேக்'. பதிவேட்டைப் பார்த்த மாத்திரத்தில் கண்ணுக்குப் புலப்படும் பிழைக்கு மட்டுமே அது மருந்து. வாதாடி நிறுவவேண்டிய பிழைக்கு அது உதவாது. அலுவலக ஆணைகளிலும் இந்த நுட்பம் உண்டு. ஆணையில் எழுத்துப் பிழையோ எண் பிழையோ நேர்ந்து அதை நீக்க வெளியிடுவது 'காரிஜெண்டம்'. எண்ணத்தையே மாற்றிக்கொண்டு வெளியிடுவது 'அமெண்ட்மெண்ட்'. முன்னது பொதுவாக மூல ஆணையின் நாளிலிருந்தே செல்லும். பின்னது வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அது பிறந்த நாளிலிருந்தே செல்லும். இரண்டு நாட்களுக்கும் இடையில் இரண்டு ஆண்டு கடந்திருந்தால், இரண்டு ஆண்டுச் சம்பள பாக்கி ஒரு சொல்லில் தொங்குகிறது.

'ரிஃபார்ம்' என்னும் சொல்லிடம்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மனிதரைப் பற்றி வரும்போது அதன் பொருள் 'திருந்துதல்'. நம் தமிழில் 'அவன் திருந்திவிட்டான்' என்றால் கேட்பவர் மனத்தில் என்ன தோன்றுகிறது? குடித்தான், சூதாடினான், இப்பொழுது விட்டுவிட்டான் என்பதுதானே. ஆங்கிலத்திலும் அதுவே. குற்றம் செய்த சிறுவர்களை வைத்திருந்த இல்லங்களுக்கு 'ரிஃபார்மேட்டரி' என்று பெயர் வைத்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, குடும்பத்துக்கு நெடுநாள் வேண்டியவரான ஒரு பெரியவர் நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தார். பிள்ளை ஊரிலிருந்து வந்தபொழுது ஆங்கிலம் பேச அஞ்சியவன், இரண்டாண்டில் நன்றாக முன்னேறிவிட்டான் என்பது அவர் சொல்ல நினைத்தது. எழுதியது, கடந்த இரண்டாண்டில் இவர் மிகவும் 'ரிஃபார்ம்' ஆகிவிட்டார் என்பது. நேர்முகத்தில் அதிகாரி காகிதத்தைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து, "அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்?" என்று கேட்டாராம். இளைஞர் கேள்வியின் கருத்து விளங்காமல், "வீட்டில் சும்மா இருந்தேன்" என்று விடையிறுத்திருக்கிறார். வேலை கிடைக்கவில்லை. அந்தச் சொல்தான் காரணம் என்று உறுதி கூற யாராலும் இயலாது. ஆனால் அந்தப் பெரியவர் அன்றுமுதல் சான்று எழுதுவதையே நிறுத்திவிட்டார். அது பெரிய நஷ்டம். இந்நகரில் புதிதாக வந்து சேரும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு வரி எழுதித் தரும் மனிதர் மிகச் சிலர். நிறுத்த வேண்டியதில்லை ஐயா, 'ஹேஸ் இம்ப்ரூவ்ட்' என்று எழுதினால் போதும். அதைவிட, எதில் என்று சொல்லி 'ஹிஸ் இங்கிலீஷ் ஹேஸ் இம்ப்ரூவ்ட்' என்று எழுதினால் இன்னும் நன்று.

அரசியலில் 'ரிஃபார்ம்' வேறொரு வேலையும் செய்கிறது. 1832இல் இங்கிலாந்தின் வாக்குரிமைச் சட்டத்துக்கு அப்பெயர். 1919இல் மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு ஏற்பாட்டுக்கு அப்பெயர். 1966இல் நம் நாட்டில் நிர்வாகத்தை ஆராய வைத்த குழுவுக்கு அப்பெயர். 1991முதல் பொருளாதார மாற்றங்களுக்கும் அப்பெயரே. இவற்றுள் எது நன்று, எது தீது என்பது இப்பகுதிக்கு உரிய வாதமன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மாற்றத்துக்கு 'சேஞ்ச்' என்று பெயரிட்டால், வேண்டுமா வேண்டாமா என்று பேச இடமிருக்கிறது. 'ரிஃபார்ம்' என்று பெயரிட்டவுடன் முன்பு இருந்தது கெட்டது என்று முடிவாகிவிடுகிறது. எதிர்த்துப் பேசுகிறவர் கேட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவர்போல் நிற்க நேர்கிறது. வாதம் தொடங்குமுன்பே பாதி வெற்றியைச் சொல் சம்பாதித்துக் கொடுத்துவிடுகிறது. செய்தித்தாள் படிக்கும்பொழுது இச்சொல் வருமிடத்தில் 'மாற்றம்' என்று மனத்துக்குள் போட்டுப் படித்துப் பாருங்கள். செய்தி சற்று வேறாகத் தெரியும்.

'அமிலியரேட்' பெரிய மனிதர்களின் சொல்; மகஜர்களிலும் தீர்மானங்களிலும்தான் அதிகம் நடமாடும். மோசமான நிலையை ஓரளவு தாங்கத்தக்கதாகச் செய்வது அதன் பொருள். நல்லதை அமிலியரேட் செய்யமுடியாது. நமது பள்ளியின் தமிழ் வகுப்பை 'அமிலியரேட்' செய்யக் கோருகிறோம் என்று எழுதினால், தமிழாசிரியர் மனம் புண்படும். புண்படுவதற்கு அவருக்கு உரிமையும் உண்டு. இதன் உள்ளே இருக்கும் இலத்தீன் சொல் 'மெலியோர்'. அங்கே அதற்கு 'மேலானது' என்று பொருள். தமிழிலோ மெலியோர் என்றால் வலியற்றவர். மெலியோரின் நிலையைப் பற்றிப் பேசும்பொழுதே ஆங்கிலத்தில் இச்சொல் பெரிதும் வருகிறது என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை. தற்செயலாக நேர்ந்ததுதான், இதைக் கொண்டு மொழி ஆராய்ச்சி நடத்தப் புகவேண்டா. 'அலீவியேட்' என்பதை இதனோடு குழப்புவாரும் உளர். அதன் பொருள் பாரத்தைக் குறைத்தல். தலைவலி மாத்திரை வலியை அலீவியேட் செய்கிறது. நோய் இருந்தபடியே இருக்கிறது.

'பெட்டர்' எளிய சொல்போல் தோன்றும். அதன் பிள்ளையான 'பெட்டர்மெண்ட்' சட்டத்தில் புகுந்தபோது வரியாக மாறிற்று. அரசாங்கம் அணை கட்டியதாலோ சாலை போட்டதாலோ தனியார் நிலத்தின் மதிப்பு உயர்ந்தால், அந்த உயர்வுக்குப் பெட்டர்மெண்ட் என்று பெயர். அதில் ஒரு பங்கைக் கேட்பது 'பெட்டர்மெண்ட் லெவி'. 1959இல் பஞ்சாபில் பக்ரா கால்வாய்ப் பாசனப் பகுதி உழவர்கள் இவ்வரியை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி செய்தனர். உங்கள் நிலம் மேன்மையடைந்துவிட்டது என்று அரசாங்கம் சொல்ல, மேன்மையை இன்னும் கண்ணால் காணவில்லையே என்று உழவர் சொல்ல, ஒரு சொல்லின் பொருள் வயலில் நின்று விவாதமாயிற்று.

இனி உயர்த்தும் சொற்கள். இவை என் போன்ற இரயில்வே குமாஸ்தாவுக்கு நாள்தோறும் சோறு போடும் சொற்கள். சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்தருள்க. 'என்ஹான்ஸ்' என்பதன் மூலம் 'உயரம்' என்னும் பொருளுடையது. உயர்த்துவது மட்டுமே அதன் வேலை. நல்லதா கெட்டதா என்று அது பார்ப்பதில்லை. விளம்பரங்களில் அழகை உயர்த்துவதாகவே வருவதால், இது எப்பொழுதும் மங்கலச் சொல் என்று நினைத்துவிடுகிறோம். இரயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள், 1968, மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரி தண்டனையை உறுதி செய்யலாம், குறைக்கலாம், தள்ளிவிடலாம், 'என்ஹான்ஸ்' செய்யவும் செய்யலாம் என்கின்றன. விளக்கம் கேட்டுத்தான் உயர்த்தவேண்டும். ஆனால் உயர்த்த இடமுண்டு. மேல்முறையீடு செய்தால் குறையவே குறையும் என்று நம்பிப் போகிறவர்கள் இந்த ஒரு சொல்லை முன்கூட்டிப் படித்துவிடுவது நல்லது.

இதே சொல் விதவைத் தாய்மார்களின் காகிதத்திலும் வருகிறது. குடும்ப ஓய்வூதியத்தில் 'என்ஹான்ஸ்ட் ரேட்' என்று ஒன்று உண்டு. கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு. ஊழியர் பணியிலிருக்கும்போதே காலமானால் அது 10 ஆண்டுகளுக்கு. ஓய்வு பெற்றபின் காலமானால் 7 ஆண்டுகளுக்கு, அல்லது அவர் உயிரோடிருந்தால் 67 வயது எய்தியிருக்கும் நாள் வரைக்கும். இரண்டில் எது முந்தியதோ அதுவரை. பிறகு 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். என்ஹான்ஸ் என்பதை 'இம்ப்ரூவ்மெண்ட்' என்று எண்ணி, இனி இதுவே நிலையான வருமானம் என்று அந்தத் தொகையை நம்பிக் கடன் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். உயர்த்தியது இறங்கும். ஓய்வூதிய ஆணையில் இறங்கும் நாளும் அச்சிட்டிருக்கும். அதைப் பிள்ளைகள் படித்துத் தாயாருக்குச் சொல்லவேண்டும்.

'ப்ரொமோஷன்', 'அப்கிரேடேஷன்', 'ப்ரொக்ரெஷன்' என்று மூன்று உண்டு. வீட்டில் எல்லாவற்றுக்கும் 'பிரமோஷன் வந்துவிட்டது' என்று பாயசம் வைத்துவிடுவார்கள். முன்னே நகர்த்துதல் என்னும் மூலப்பொருளுக்கேற்ப, ப்ரொமோஷனில் ஆள் ஒரு பதவியை விட்டு மேற்பதவிக்கு நகர்கிறார். அப்கிரேடேஷனில் ஆள் நகர்வதில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் சம்பள விகிதம் உயர்கிறது. 2008 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின் பெயர் 'மாடிஃபைட் அஷ்யூர்ட் கேரியர் ப்ரொக்ரெஷன்'. 10, 20, 30 ஆண்டுகளில் பதவி உயர்வு கிட்டாதவருக்குச் சம்பளம் ஒரு படி ஏறும். மேசையும் நாற்காலியும் பெயர்ப்பலகையும் பழையனவே. இது சொல் விளையாட்டன்று. பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் வழக்கொன்றில் 2011இல் உச்ச நீதிமன்றம், ப்ரொமோஷன் என்றால் என்ன, அப்கிரேடேஷன் என்றால் என்ன என்று பகுத்துக் காட்டவேண்டி நேர்ந்தது. பதவி உயர்வுக்கு இட ஒதுக்கீடு பொருந்தும். தேர்ந்தெடுத்தல் எதுவும் இல்லாத வெறும் அப்கிரேடேஷனுக்குப் பொருந்தாது என்பது அதில் கண்ட முடிவுகளுள் ஒன்று. சொல்லின் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறது பாருங்கள். 'அப்கிரேட்' என்பது அமெரிக்க இரயில் பாதையின் ஏற்றத்தைக் குறித்த சொல் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. ஏற்றத்தில் வண்டி மெல்லத்தான் போகும்.

கடைசியாக, வெளியூரில் வாழும் நமக்கு மிக நெருங்கியவை நோயைப் பற்றிய சொற்கள். முன்பெல்லாம் ஊரிலிருந்து தந்தி வரும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றது. இப்பொழுது தொலைபேசியில் செய்தி வருகிறது. கருவி மாறியதே தவிரச் சொல் மாறவில்லை. மருத்துவர் சொன்ன ஆங்கிலச் சொல்லைத் தம்பி அப்படியே நமக்குச் சொல்லுகிறான். அதை வைத்துக்கொண்டு விடுப்பு எடுப்பதா, இன்றிரவு வண்டிக்குப் புறப்படுவதா என்று நாம் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

'ஸ்டேபிள்' என்றால் நிலை மாறவில்லை என்று மட்டுமே பொருள். மோசமாக இருந்து, அந்த மோசம் அப்படியே நீடித்தாலும் ஸ்டேபிள்தான். 'கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்' என்று மருத்துவமனைகள் சொல்வதுண்டு. இதைக் கேட்டுத் தேறிவிட்டார் என்று நிம்மதியாக இருந்துவிடுவது தவறு. 'இம்ப்ரூவிங்' என்றால் ஏறுமுகம்; ஆனால் எங்கிருந்து ஏறுகிறது என்று அது சொல்லாது. 'பெட்டர்' நேற்றைக்கு இன்று பரவாயில்லை என்பதையும் குறிக்கும், முழுதும் குணமாயிற்று என்பதையும் குறிக்கும்; ஆங்கிலேயர் இரண்டு விதமாகவும் சொல்லுவர். ஆகவே 'எதைவிட பெட்டர்?' என்று திருப்பிக் கேட்கவேண்டும். 'ரெக்கவர்ட்' என்றால் இழந்ததைத் திரும்பப் பெற்றார், பழைய உடம்பு வந்துவிட்டது. 'கான்வலெஸெண்ட்' என்றால் நோய் போய்விட்டது, வலு இன்னும் வரவில்லை. பக்கத்தில் ஒருவர் இருந்து கஞ்சி வைத்துத் தரவேண்டிய காலம் அது. சில மருத்துவமனைகள் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் 'க்யூர்ட்', 'ரிலீவ்ட்', 'இம்ப்ரூவ்ட்' என்று வெவ்வேறாகக் குறிப்பதைக் கண்டிருப்பீர்கள். க்யூர்ட் என்றால் நோய் நீங்கிற்று. ரிலீவ்ட் என்றால் உபாதை தணிந்தது, நோய் இருக்கலாம். இம்ப்ரூவ்ட் என்றால் வந்தபோது இருந்ததைவிட மேல். இரயில்வேக்காரன் காதில் மட்டும் 'ரிலீவ்ட்' என்றால் மாற்றல் ஆணையில் விடுவித்து அனுப்பிவிட்டார்கள் என்றே விழும்.

தமிழில் இதற்கெல்லாம் ஈடாக ஓர் அருமையான சொல் இருக்கிறது: 'தேறுதல்'. பரீட்சையிலும் தேறுகிறோம், உடம்பும் தேறுகிறது, துக்கத்திலிருந்து மனமும் தேறுகிறது. ஆனால் தொலைபேசியில் 'தேறி வருகிறார்' என்றால், மேலே சொன்ன ஐந்து ஆங்கிலச் சொற்களுள் எது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் சில: எழுந்து உட்காருகிறாரா? தாமே சாப்பிடுகிறாரா? நம்மை அடையாளம் கண்டு பேசுகிறாரா? மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று நாள் குறித்துவிட்டாரா?

அடுத்த மாதம் எதிர்ப்பக்கத்துச் சொற்களை, 'டிடீரியரேட்' தொடங்கி, எடுத்துக்கொள்ள எண்ணம். மகஜர், மனு, சான்று எழுதும்பொழுது ஐயம் எழுந்த சொற்கள் இருப்பின், அவை வந்த வாக்கியத்தை முழுதுமாக எழுதி அனுப்புமாறு அன்பர்களை வேண்டுகிறேன். தனிச் சொல்லை மட்டும் அனுப்பினால் விடை சொல்லுதல் அரிது.